அளவுகோலை மறைத்த ஸ்டிக்கர்

1

என் அக்காவைக் கொன்றது புற்றுநோய். அவளை அலறவைத்தது டாக்டர் பரமானந்தம்.

கோபத்தில் எழுதவில்லை என்று சொன்னால் அது பொய். கோபத்தில்தான் எழுதுகிறேன். ஆனால் எழுதுவதெல்லாம் நடந்தது. மறுப்பு இருந்தால் அவர் சொல்லட்டும்.

இந்த வாரம் அக்காவுக்குத் தலைத் திவசம். மயிலாப்பூரில் மாமா செய்கிறார். மாமா என்றால் அக்காவின் கணவர். எனக்கு லீவு இல்லை. போன வருஷம் ஊருக்குப் போனபோது இந்த வருஷத்து லீவையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போய்விட்டேன். இங்கிலாந்தின் நடுப்பகுதியில், தொழிற்சாலைகளும் மழையும் தவிர வேறொன்றும் இல்லாத ஊர் இது. காலையில் வேலைக்குக் கிளம்பிக் கதவைத் திறந்தால் கால்மிதியின்மேல் ஒரு கவர் கிடக்கிறது. இங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழா அழைப்பிதழ். சங்கத் தலைவர் டாக்டர் பரமானந்தம் அவர்களுக்கு 'வலி நீக்கிய வள்ளல்' என்று பட்டம் கொடுக்கப் போகிறார்களாம். சென்னையில் நோயாளிகளுக்கு மருந்து செலுத்தும் மெஷின்கள் வழங்கியதற்காக.

என் மகள் நித்யா பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் படிக்க வராது. பேச்சும் பாதிதான்.

"அப்பா, வாட் டஸ் இட் சே? என் பேர் இருக்கா?"

இருந்தது. அவள் பரதநாட்டியம் ஆடப்போகிறாள், வரவேற்புரைக்குப் பிறகு. பட்டம் கொடுப்பதற்குச் சற்று முன்னால்.

2

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பதை ஊரில் யாருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை. அப்பா இருந்தவரை "ஏதோ ஊசி கம்பெனி" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஊசி இல்லை. ஊசிக்குப் பின்னால் இருக்கிற மெஷின். இப்போது புரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் நான் சொல்லவந்தது விளங்காது.

உடம்பில் மாட்டிக்கொள்ளும் சிரிஞ்சு பம்ப் என்று அதற்குப் பெயர். பென்சில் டப்பா அளவு. உள்ளே ஒரு பேட்டரி, கட்டைவிரல் அளவு மோட்டார், மரை வெட்டிய ஒரு நீளத் தண்டு. மருந்து நிரப்பிய சிரிஞ்சை டப்பாவின் மேல் படுக்கவைத்து ரப்பர் பட்டையால் கட்டுவார்கள். சில நிமிஷத்துக்கு ஒருமுறை மோட்டார் கிர்ரென்று ஓடி நிற்கும். தண்டு கொஞ்சம் சுற்றும். தண்டின் மரையில் உட்கார்ந்திருக்கிற ஒரு கட்டை நகர்ந்து, சிரிஞ்சின் பிஸ்டனை மயிரிழை அளவு தள்ளும். மெல்லிய குழாய் வழியாக மருந்து தோலுக்கு அடியில் இறங்கும். இராப்பகலாக, நிற்காமல். டப்பாவை ஒரு துணிப்பையில் போட்டு இடுப்பில் மாட்டிக்கொண்டு நோயாளி சமைக்கலாம், கடைக்குப் போகலாம், யாரோடாவது சண்டை போடலாம். படுக்கையோடு கட்டிப்போடுகிற பெரிய மெஷின் இல்லை. இதை வடிவமைக்கிற நாங்கள் அதற்காகத்தான் பாடுபடுகிறோம். கனம் குறைய வேண்டும். நோயாளி குனிந்தாலும் கட்டை வழுக்கக் கூடாது. மரையில் துளி ஆட்டம் இருந்தாலும் மருந்து தாமதமாகும். அந்த ஆட்டத்தை எடுப்பதற்கு ஒரு குளிர்காலம் முழுக்க நான் படம் வரைந்திருக்கிறேன்.

முக்கியமான விஷயம் இதுதான். இந்த மெஷினுக்கு மில்லி தெரியாது. மில்லிமீட்டர்தான் தெரியும். எவ்வளவு மருந்து தள்ளுகிறோம் என்று அதற்குத் தெரியாது, எவ்வளவு தூரம் தள்ளுகிறோம் என்றுதான் தெரியும். அகலமான டம்ளரில் ஒரு விரற்கடை காபி குடிப்பதும் ஒல்லியான டம்ளரில் ஒரு விரற்கடை குடிப்பதும் ஒன்றா? சிரிஞ்சும் அப்படித்தான். ஒரே எட்டு மில்லி மருந்து ஒரு கம்பெனி சிரிஞ்சில் குட்டையாக நிற்கும், இன்னொரு கம்பெனி சிரிஞ்சில் நீளமாக நிற்கும்.

அதனால் டப்பாவின் பக்கவாட்டில் ஓர் அளவுகோல் அச்சிட்டிருப்போம். நர்ஸ் சிரிஞ்சை நிரப்பியதும் அந்த அளவுகோலுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். மருந்து எத்தனை மில்லிமீட்டர் நிற்கிறது என்று பார்த்து, அந்த எண்ணை மெஷினில் வைக்க வேண்டும். ஒரு நாளில் அத்தனை தூரமும் தள்ளி முடித்துவிடும். சிரிஞ்சு எதுவானாலும் சரியாக இருக்கும். காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்தால் தொலைத்துவிடுவார்கள் என்றுதான் டப்பாவிலேயே போட்டோம்.

3

ஊர்ப் பெயர் மெட்ராஸிலிருந்து சென்னை ஆன வருஷம் அது. இங்குள்ள ஆஸ்பத்திரிகள் பழைய மாடல் மெஷின்களைக் கழித்துப் புதிது வாங்கின. கழித்தவற்றில் சிலவற்றை டாக்டர் பரமானந்தம் கேட்டு வாங்கினார். நல்ல காரியம். அதை நான் மறுக்கவில்லை. அவர் தியாகராய நகர்க்காரர், இங்கே வந்து வருஷக்கணக்காகிறது, பெரிய வீடு, பெரிய கார். என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து காபி குடித்து, "தம்பி, இதெல்லாம் ஓடுதான்னு பார்த்துக் கொடுங்க" என்றார். என் கேரேஜில் வைத்து ஒவ்வொன்றையும் திறந்து சுத்தம் செய்து ஓட்டிப்பார்த்துக் கொடுத்தேன். அப்போது எல்லா டப்பாவிலும் அளவுகோல் பளிச்சென்று இருந்தது.

திருப்பி வாங்க வந்தபோது அவரிடம் சொன்னேன்.

"டாக்டர், கூடவே இந்த ஊர் சிரிஞ்சும் ரெண்டு அட்டைப்பெட்டி எடுத்துட்டுப் போங்க. அங்க கிடைக்கிறது குறுக்களவு வேற."

"சென்னையில சிரிஞ்சா கிடைக்காது? என்ன தம்பி, நீங்க ஊரைவிட்டு வந்து ரொம்ப நாளாச்சு போல."

"கிடைக்கும். ஆனா அளவு வேற. அப்போ அந்த அளவுகோலைப் பார்த்து எண் வைக்கச் சொல்லிக் கொடுங்க. அரை மணி நேரம் போதும்."

"எல்லாம் சொல்லிடலாம். நானும் டாக்டர்தானே?" என்று சிரித்தார். அவர் மனைவி கார் டிக்கியில் எதையோ அடுக்கிக்கொண்டே, "ஏற்கெனவே லக்கேஜ் இடிக்குதுங்க, சிரிஞ்சு வேறயா?" என்றார்.

தி. நகரில் ஒரு மண்டபத்தில் விழா நடந்தது. நான் போகவில்லை. சங்கத்தின் ஆண்டு மலரில் போட்டோ வந்தது. டாக்டருக்குப் பொன்னாடை, வரிசையாக உட்கார்ந்த பெரியவர்கள், முன்னால் மேஜையில் வெள்ளைத் துணி விரித்து மெஷின்கள். போட்டோவில் அவை சோப்புக் கட்டி அளவுக்குத்தான் தெரிந்தன.

பயிற்சி எப்படி நடந்தது என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மெஷின்களைப் பெற்றுக்கொண்ட ராயப்பேட்டை நர்சிங் ஹோமிலிருந்து நர்ஸுகள் வந்திருந்தார்கள். டிபன் இடைவேளையில் டாக்டர் அவர்களைக் கூப்பிட்டுச் சொன்னது இவ்வளவுதான். "எட்டு மில்லி நிரப்புங்க. நாப்பத்தெட்டுல வையுங்க. பட்டனை அழுத்துங்க. மறந்துடுங்க."

அவர் சொன்ன நாற்பத்தெட்டு, இங்கிலாந்து சிரிஞ்சுக்கு உள்ள கணக்கு.

4

அக்காவின் பெயர் கௌரி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். அந்தக் காலத்தில் மெட்ராஸிலிருந்து பம்பாய்க்குப் பேசியவர்களில் பாதிப் பேருக்கு அவள் குரல் தெரிந்திருக்கும். குரலை வைத்தே யார் உண்மை சொல்கிறார்கள், யார் புளுகுகிறார்கள் என்று சொல்லிவிடுவாள். எனக்கும் அவளுக்கும் பத்து வயசுக்கு மேல் வித்தியாசம். என்னைத் திட்டியே வளர்த்தவள்.

அவளுக்கு நோய் எலும்புக்குப் பரவிய பிறகு வலி தாங்க முடியாமல் போனது. மார்ஃபின் வேண்டும் என்றார்கள். அதற்கான அனுமதிக்கு மாமா எத்தனை அலுவலகப் படி ஏறினார் என்று கேட்காதீர்கள். அனுமதி கிடைத்ததும் ராயப்பேட்டை நர்சிங் ஹோம் அவளுக்கு ஒரு மெஷினையும் கொடுத்தது. மாமா போனில் கத்தினார், "டேய், உன் கம்பெனி மெஷின்டா! உங்க அக்கா இடுப்புல!" எனக்கும் சந்தோஷமாக இருந்தது, சொல்ல வெட்கமில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போன். ஒருநாள் மாமா குதூகலமாகப் பேசினார்.

"நல்ல சேதிடா. மருந்து மிச்சமாகுது."

"என்ன மிச்சமாகுது?"

"தினம் காலைல சிஸ்டர் வந்து சிரிஞ்சை மாத்தறப்போ பார்த்தா அஞ்சுல ஒரு பங்கு அப்படியே நிக்குது. உடம்பு கேக்கலைடா. கேட்டாத்தானே எடுத்துக்கும்? தேறிக்கிட்டு வர்றா."

நம் வீடுகளில் இப்படித்தான் நினைப்போம். தட்டில் சாதம் மிச்சம் வைத்தால் வயிறு நிறைந்துவிட்டது. மருந்து மிச்சமானால் உடம்பு தேறிவிட்டது. உடம்பு தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியை வேண்டாம் என்று தள்ளிவிடும் என்று நம்புகிறோம். அந்த மெஷின் உடம்பைக் கேட்பதே இல்லை. அது பாட்டுக்குத் தள்ளும். மிச்சம் நிற்கிறது என்றால் மருந்து போகவில்லை என்று அர்த்தம்.

"மாமா, அதுல மிச்சம் ஆகவே கூடாது. டப்பா பக்கத்துல கோடு கோடா ஸ்கேல் இருக்கும், பாருங்க."

"கோடும் இல்ல, புள்ளியும் இல்ல. வெள்ளையா இருக்கு."

பழைய மெஷின், கைபட்டு அச்சு அழிந்துவிட்டதோ என்று நினைத்தேன். "அப்போ ஸ்கூல் பசங்க வெச்சிருக்கிற ஸ்கேலை வாங்கி..." என்று ஆரம்பித்தேன்.

"நர்சிங் ஹோம் டாக்டர் சொல்றதை விட்டுட்டு, போன்ல நீ சொல்றதை நாங்க செய்ய முடியுமாடா? அவரே சந்தோஷப்பட்டார். மிச்சமாகுதுன்னதும் மருந்தைக் கொஞ்சம் குறைச்சிருக்கார்."

குறைத்துவிட்டார்கள். ஏற்கெனவே குறைந்துபோனதை இன்னும் குறைத்துவிட்டார்கள். பின்னால் அக்காவின் குரல் கேட்டது. போனைப் பிடுங்கியிருப்பாள்.

"டேய், உன் மெஷின் நல்லாப் பாடுதுடா. வேலைதான் செய்யல."

"வலிக்குதாக்கா?"

"பின்ன? சுளுக்குன்னா நெனச்சே?"

மாமா போனைத் திரும்ப வாங்கி, குரலைத் தாழ்த்தி, "மனசுதான்டா காரணம். டாக்டரே சொல்லிட்டார். மெஷின் கரெக்டா கொடுக்குது, இவளுக்குப் பயம்" என்றார்.

வாழ்நாள் முழுக்க மற்றவர் குரலில் பொய்யைக் கண்டுபிடித்தவள். அவள் குரலை யாரும் நம்பவில்லை. பென்சில் டப்பாவை நம்பினார்கள்.

உடனே கிளம்பியிருக்கலாம் அல்லவா என்று கேட்பீர்கள். என் பாஸ்போர்ட் அப்போது இந்த நாட்டு அரசாங்கத்தின் ஏதோ ஓர் அலுவலகத்தில், ஒரு முத்திரைக்காகக் கிடந்தது. போன் செய்தால் பாட்டுப் போடுவார்கள். பாட்டு முடிந்தால் "உங்கள் விண்ணப்பம் வரிசையில் உள்ளது" என்பார்கள். அக்கா சாகக் கிடக்கிறாள் என்று சொன்னேன். அதற்கு டாக்டர் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். சென்னையிலிருந்து சான்றிதழ் வந்தது. அதில் 'நோயாளி நிலை சீராக உள்ளது' என்று போட்டிருந்தது. மருந்துதான் மிச்சமாகிறதே!

5

பாஸ்போர்ட் வந்து, நான் மீனம்பாக்கத்தில் இறங்கியபோது பெட்டியில் துணியைவிடச் சிரிஞ்சுதான் அதிகம். கஸ்டம்ஸ்காரர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா சார், ஊசி வியாபாரமா?"

"எங்க அக்காவுக்கு."

"எல்லாமா? ஒரு ஆளுக்கா?"

"வலி சார்."

அவர் பெட்டியை மூடி, சாக்பீஸால் ஒரு கோடு போட்டு அனுப்பினார். அந்தப் பயணத்தில் என்னை ஒரே வார்த்தையில் நம்பிய அதிகாரி அவர் ஒருவர்தான்.

வீட்டுக்குள் நுழையும்போதே சத்தம் கேட்டது. அலறல் என்று மேலே எழுதியிருக்கிறேன். அதற்கு மேல் விவரிக்க மாட்டேன். அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பாதியாகிவிட்டிருந்தாள். இடுப்பில் பை. கிர்ரென்று ஒரு சத்தம், பிறகு நிசப்தம். மோட்டார் சரியாக ஓடியது. மரை சரி. கட்டை சரி. எங்கள் மெஷின் சொன்னதைச் செய்துகொண்டிருந்தது.

இங்கிலாந்தில் நர்ஸுகள் நோயாளியிடம் வலியைப் பத்துக்கு எத்தனை என்று கேட்பார்கள். நானும் கேட்டேன். "அக்கா, பத்துக்கு எத்தனை?"

"பரீட்சையாடா வைக்கிறே?" என்றாள். பிறகு, "பத்துக்கு மேல எண்ணே கிடையாதா?" என்றாள்.

மறுநாள் காலை சிஸ்டர் ஸ்டெல்லா வந்தார். சாந்தோமிலிருந்து வருகிறவர், கையும் வாயும் வேகம். பழைய சிரிஞ்சைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து, "இன்னிக்கும் மிச்சம் கீது பாருங்க சார், கர்த்தர் கிருபை" என்று மாமாவிடம் காட்டினார். மாமா தலையாட்டினார். நான் மெஷினைக் கையில் வாங்கினேன்.

பக்கவாட்டில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர். நீளமாக, முழுப் பக்கத்தையும் மூடி. டாக்டர் பரமானந்தம் பெயர் தங்க நிறத்தில். கீழே சங்கத்தின் பெயர். அதற்குக் கீழே 'அன்பளிப்பு' என்று பூ வேலைப்பாட்டுடன்.

கோயில் டியூப்லைட்டில் உபயம் என்று பெயர் எழுதி வெளிச்சத்தை மறைப்பவர்கள் நாம். இருட்டில் சாமி கோபித்துக்கொள்ள மாட்டார். இது சாமி இல்லை.

நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பினேன்.

"இன்னா சார் பண்றீங்க? அத்தப் பிக்காதீங்க!" என்று ஸ்டெல்லா கையைப் பிடித்தார். "லேபிள் கிழிஞ்சா மெஷினைத் திரும்ப எடுத்துக்குவோம்னு சொல்லிக்கீறாங்க. எனக்குத்தான் திட்டு வுழும்."

"டேய், அவங்க பேரைக் கிழிச்சா மரியாதையா இருக்காதுடா" என்றார் மாமா.

கிழித்தேன். பசை நன்றாகப் பிடித்திருந்தது, துண்டு துண்டாகத்தான் வந்தது. அடியில் அளவுகோல். நான் கேரேஜில் துடைத்துக் கொடுத்தபோது இருந்த அதே கோடுகள். ஒரு கோடுகூட அழியவில்லை.

ஸ்டெல்லா நிரப்பிவைத்திருந்த உள்ளூர் சிரிஞ்சை அதன் பக்கத்தில் வைத்தேன். ஒல்லியான சிரிஞ்சு. எட்டு மில்லி மருந்து அறுபதைத் தொட்டது. மெஷினில் வைத்திருந்தது நாற்பத்தெட்டு.

"சிஸ்டர், இத்தனை நாளும் இந்த மெஷின் அறுபது தள்ள வேண்டிய இடத்துல நாப்பத்தெட்டுதான் தள்ளியிருக்கு. மிச்சம் நின்னது உடம்பு தேறினதால இல்ல."

ஸ்டெல்லா ஸ்கேலையும் சிரிஞ்சையும் மாறி மாறிப் பார்த்தார். "எங்களுக்கு எட்டு மில்லி, நாப்பத்தெட்டு, அவ்ளோதான் சார் சொன்னாங்கோ. இப்டி ஒண்ணு அடியில கீதுன்னு யாருக்கு சார் தெரியும்? ஐயோ, அம்மா தெனம் சொன்னாங்களே சார், நான் ஜெபம் பண்ணிக்கோங்கம்மான்னேனே."

அவரை நான் குறை சொல்ல மாட்டேன். மறைத்து ஒட்டப்பட்டதை அவர் எப்படிப் பார்ப்பார்?

அக்கா சுவர்ப் பக்கமிருந்து மெதுவாகத் திரும்பினாள். மாமாவைப் பார்த்தாள்.

"ஏங்க, நான் பொய் சொல்லலேன்னு ஒரு ஸ்டிக்கர் கிழிஞ்சுதான் தெரியணுமா உங்களுக்கு?"

மாமா கீழே கிடந்த ஸ்டிக்கர் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

6

எண் மாற்றப்பட்டது. நர்சிங் ஹோம் டாக்டர் வந்து பார்த்தார். முகம் சுண்டிப்போய், குறைத்த மருந்தைப் பழைய அளவுக்கு ஏற்றினார். இரண்டாவது நாள் அக்கா எழுந்து உட்கார்ந்து ரசம் சாதம் கேட்டாள். அதற்கடுத்த நாள் இடுப்பில் பையோடு மெல்ல நடந்து வாசலுக்குப் போய், கீரைக்காரியிடம் முளைக்கீரையை முத்தவிட்டுக் கொண்டுவந்ததற்காகச் சண்டை போட்டாள். "இன்னாம்மா, இவ்ளோ நாள் படுத்துக்கினு இருந்துட்டு எழுந்ததும் எங்கிட்டதான் வம்பா?" என்றாள் கீரைக்காரி. அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பு பல மாதங்களுக்கு முன்பே அவளுக்குக் கிடைத்திருக்க வேண்டும். மருந்து இருந்தது. மெஷின் இருந்தது. அனுமதி இருந்தது. எல்லாம் இருந்தும் கிடைக்கவில்லை.

நான் திரும்பி வந்த சில வாரங்களில் இறந்துபோனாள். வலியில்லாமல் போனாள் என்று மாமா சொன்னார். நம்புகிறேன். ஆனால் அதற்கு முன்னால் அவள் பட்டது திரும்பி வராது, அதை யாரும் எடுத்துவிடவும் முடியாது.

நேற்றுப் போனில், திவசத்துக்குச் சாமான் வாங்கியதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த மாமா, திடீரென்று சொன்னார். "அவ கத்தறப்போ நான் டி.வி. சத்தத்தை ஏத்தி வெப்பேன்டா. நடிக்காதேன்னு ஒருநாள் சொல்லிட்டேன்." பிறகு போனை வைத்துவிட்டார். அறுபத்தைந்து வயசு ஆள். இனி அந்த வீட்டில் அந்த டி.வி.யோடு தனியாக இருக்க வேண்டும். டாக்டர் பரமானந்தத்தின் பட்டத்துக்கு இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

7

திரும்பி வந்ததும் நான் டாக்டரிடம் போகவில்லை என்று நினைக்க வேண்டாம். போனேன். அவர் வீட்டு முன்னறையில் வைத்துப் பேசினேன்.

"ஸ்டிக்கரை ஏன் அந்தப் பக்கம் ஒட்டினீங்க?"

"எங்கேயாவது ஒட்டணும்ல தம்பி? தட்டையான இடம் அது ஒண்ணுதான். மேஜையில அடுக்கினா பேர் ஆடியன்ஸுக்குத் தெரியணும்."

"அதுக்கு அடியில ஸ்கேல் இருந்தது."

"எட்டு மில்லி, நாப்பத்தெட்டு. நான் தெளிவா சொல்லிட்டுத்தான் வந்தேன். அவங்க வேற சிரிஞ்சு போட்டா நான் என்ன செய்ய?" பிறகு என் தோளில் கை வைத்தார். "உங்க வருத்தம் எனக்குப் புரியுது. ஆனா பெரிசு பண்ணாதீங்க. சங்கத்துக்குக் கெட்ட பேர் வரும்."

மற்ற மெஷின்களிலிருந்து ஸ்டிக்கரை எடுக்கச் சொல்லுங்கள் என்றேன். செயலாளரிடம் கேளுங்கள் என்றார். செயலாளர், எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள், செயற்குழு பரிசீலிக்கும் என்றார். கொடுத்தேன். ஆண்டு விழா வேலை முடிந்தபிறகு எடுத்துக்கொள்வதாகப் பதில் வந்தது. ராயப்பேட்டை நர்சிங் ஹோமுக்குப் போன் செய்தேன். சங்கத்தின் எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் நன்கொடையாளர் பெயரை நீக்க முடியாது என்றார்கள். எங்கள் மெஷினில் கிழித்ததற்கே விளக்கம் கேட்டார்களாம், ஸ்டெல்லாவிடம். மற்ற மெஷின்கள் எங்கே என்று கேட்டால், அடையாறில் ஒன்று இருக்கிறது, கொட்டிவாக்கத்துப் பக்கம் ஒன்று போனது, மீதி எங்கெங்கோ வீடுகளில் என்கிறார்கள். யாருடைய வீடு என்று சொல்ல மாட்டார்களாம். நோயாளியின் அந்தரங்கமாம்.

அந்த வீடுகளிலும் காலையில் மருந்து மிச்சமாகிக்கொண்டிருக்கும். யாராவது சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்பார்கள்.

இதை எழுதுகிறேன் என்றதும் என் மனைவி சொன்னாள், "நித்யா ஆடறா அந்த விழாவுல. ஆறு மாசமா பிராக்டிஸ். இந்த ஊர்ல நமக்குன்னு இருக்கிறது அந்த நாலு பேர்தான். அவங்களையும் பகைச்சுக்கிட்டு யார்கிட்டப் போய் நிப்பீங்க?" அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இங்கே ஒருவருக்கு உடம்புக்கு வந்தால் சாதம் கொண்டுவந்து கொடுக்கிறவர்கள் அவர்கள்தான்.

நித்யா அழைப்பிதழில் அந்தப் பட்டத்தின் மேல் விரல் வைத்து, "இது என்ன?" என்றாள். மொழிபெயர்த்துச் சொன்னேன். நெற்றியைச் சுருக்கினாள்.

"பட் அத்தைக்கு வலி போகலையே?"

"போகலை."

"தென் ஒய் ப்ரைஸ்?"

ஆடுவாயா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் வராங்கப்பா" என்றாள். பிறகு, "அத்தை வாய்ஸ்தான் எனக்கு ஞாபகம் இருக்கு. ஃபேஸ் வரலை" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். ஆடுவாள். நான் தடுக்கப்போவதில்லை. அவளுக்கு அது வேறு உலகம்.

8

சென்னையில் இதைப் படிக்கிறவர்களுக்கு முதலில் ஒன்று. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யார் இடுப்பிலாவது இப்படி ஒரு டப்பா இருந்தால், அதன் பக்கவாட்டைப் பாருங்கள். பெயர் ஒட்டியிருந்தால் கிழியுங்கள். யாரிடமும் அனுமதி கேட்காதீர்கள். நீங்களாக எண்ணைத் தொட வேண்டாம். அடியில் இருக்கிற அளவுகோலை நர்ஸுக்கும் டாக்டருக்கும் காட்டி, மருந்தின் நீளத்தை அளந்து வைக்கச் சொல்லுங்கள். காலையில் மருந்து மிச்சம் நின்றால் சந்தோஷப்படாதீர்கள். நோயாளி வலிக்கிறது என்றால் வலிக்கிறது.

டாக்டர் பரமானந்தம், இனி உங்களுக்கு. நீங்கள் கெட்டவர் என்று நான் எழுதவில்லை. நல்லது செய்யப் போனீர்கள், உங்கள் பெயரை ஒட்ட இடம் தேடினீர்கள், பார்க்க வேண்டிய ஒரே இடத்தில் ஒட்டினீர்கள். சொன்ன பிறகும் எடுக்க மறுக்கிறீர்கள். முதலில் நடந்தது தவறு. இப்போது நடப்பதற்கு என்ன பெயர் என்று நீங்களே சொல்லுங்கள்.

விழா அன்று பொன்னாடை போர்த்தியதும் உங்கள் கையில் மைக் கொடுப்பார்கள். ஏற்புரை என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறது. நான் முன்வரிசையில் இருப்பேன். அந்த மெஷின்கள் இப்போது யார் யாரிடம் இருக்கின்றன? எத்தனையில் உங்கள் பெயர் இன்னும் ஒட்டியிருக்கிறது? அதைக் கிழிக்கச் சொல்லி ராயப்பேட்டைக்கு இன்றே போன் செய்வீர்களா, மாட்டீர்களா? என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் தோளில் கை வைத்துச் சொல்ல வேண்டாம். மேடையில், மைக்கில், எல்லோர் காதிலும் விழும்படி பதில் சொல்லுங்கள்.